ஒரு சேணமும் பல முதுகுகளும்

ஒரு குதிரைக்கு ஒரு சேணம் செய்து கொடுப்பது தச்சனும் தோல் வேலைக்காரனும் சேர்ந்து முடித்துவிடக்கூடிய காரியம். பல குதிரைகளுக்குப் பொருந்துவதும், ஏறி அமர்கிறவனுக்குச் சௌகரியமாக இருப்பதுமான ஒரே சேணத்தைக் கண்டுபிடிப்பதோ, சரீர சாஸ்திரமும் பௌதிகமும் கூடி நூற்றைம்பது ஆண்டுகளாக ஆலோசித்தும் பூரணமாகத் தீராத பிரச்சினை. ஒரே ஒரு குதிரையை வைத்துக்கொண்டு அதன் மேல் மட்டுமே ஏறுகிற செல்வந்தருக்கு இந்தக் கவலை இல்லை என்று முதலில் தோன்றும். அவருக்கும் உண்டு என்பதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் பத்துக் குதிரைகளை வைத்துச் சவாரி கற்பிக்கும் பள்ளிக்கும், குதிரைப் போலீசுக்கும், ஒரே நாளில் ஐந்தாறு இளங்குதிரைகளைப் பழக்கும் பயிற்சியாளருக்கும், எல்லோருக்கும் மேலாகப் படைகளுக்கும் இது அன்றாடத் தொல்லை. போர்க்களத்தில் குதிரைகள் சாகின்றன, நோயுறுகின்றன, மாற்றப்படுகின்றன. சிப்பாயின் சேணம் மட்டும் அவனோடு அடுத்த குதிரையின் முதுகுக்குப் போகிறது. ஆகவே இந்த விஷயத்தில் மனிதன் கற்ற பாடங்களில் பெரும்பகுதி இராணுவத்தின் செலவில், அதாவது குதிரைகளின் செலவில், கற்றவையே.

சேணம் எதன் மேல் அமர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். குதிரையின் மார்புப் பகுதியில் 18 முதுகெலும்புகளும், அவற்றோடு இணைந்த 18 ஜோடி விலா எலும்புகளும் உள்ளன. அவற்றுக்குப் பின்னால் இடுப்புப் பகுதியில் பெரும்பாலும் 6 எலும்புகள் இருக்கும். அரபுக் குதிரைகள் சிலவற்றில் ஒரு ஜோடி விலா குறைந்து 17 ஆகவும், இடுப்பெலும்பு ஒன்று குறைந்து 5 ஆகவும் இருப்பதுண்டு. அந்த ஜாதிக்கு முதுகு குட்டையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மார்புப் பகுதி முதுகெலும்புகளில் முன்பக்கத்தவை சிலவற்றிலிருந்து மேல்நோக்கி நீண்ட முட்கள் எழுகின்றன. அவற்றில் மிக நீண்டவை ஒரு சாண் அளவுக்கு வளரும். கழுத்து முடிந்து முதுகு தொடங்குமிடத்தில் மேடாகத் தெரிகிற தோள்முகடு இந்த முட்களின் நுனிகளே. அங்கே எலும்புக்கும் தோலுக்கும் இடையில் சதை என்று சொல்லத்தக்கது மிகச் சொற்பம். விலா எலும்புகளின் மேற்பகுதியில், முதுகெலும்பின் இரு மருங்கும், நீளவாக்கில் ஓடுகின்ற பருத்த தசைத் திரள்களே பாரம் சுமக்கத் தகுந்த இடம். அவற்றின் நடுவே உள்ள முதுகெலும்பின் மேலும், அவற்றுக்குப் பின்னால் விலாவின் தாங்கல் இல்லாத இடுப்பின் மேலும் பாரம் இறங்கக் கூடாது.

எஞ்சிய ஓர் எல்லைதான் மிகவும் வஞ்சகமானது, ஏனென்றால் அது நகர்கிறது. மனிதனுக்குள்ள காறையெலும்பு குதிரைக்குக் கிடையாது. அதன் முன்னங்கால்கள் உடலோடு மூட்டினால் பிணைக்கப்படாமல், தசைகளாலேயே தொங்கவிடப்பட்டிருக்கின்றன. இதன் பயனாக, முன்னங்கால் முன்னே நீளும்போதெல்லாம் தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பு பின்னோக்கிச் சுழன்று வருகிறது. நிற்கிற குதிரையின் மேல் அளவு பார்த்து, தோள்பட்டையை ஒட்டினாற்போல் வைத்த சேணம், குதிரை நடக்கத் தொடங்கியதும் ஒவ்வோர் அடிக்கும் அந்த எலும்பால் இடிக்கப்படுகிறது. முன்னே நகரும் தோள்பட்டை, பின்னே கடைசி விலா, நடுவே முதுகெலும்பு என்ற இந்த எல்லைகளுக்குள் அடங்கிய நிலப்பரப்பு ஒவ்வொரு குதிரைக்கும் வேறு. பந்தயத்துக்கு வளர்க்கப்படும் தரோப்ரெட் குதிரையின் தோள்முகடு உயர்ந்து, விலாப்புறம் செங்குத்தாகச் சரியும். மலைநாட்டுக் குள்ளக் குதிரைகளில் முகடு என்பதே தெரியாமல் முதுகு அகன்று உருண்டிருக்கும். கோவேறு கழுதையின் முதுகோ நேராகவும் முகடின்றியும் இருப்பதால், வாலுக்கடியில் ஒரு வாரைக் கட்டிப் பிடித்தாலொழிய சேணம் சரிவில் கழுத்தை நோக்கி வழுக்கிவிடும்.

இனி பாரத்தின் கணக்கு. ஒருவனுடைய எடை 70 கிலோ, சேணத்தின் எடை 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம்; சேணத்தின் அடிப்பரப்பில் 1,200 சதுர சென்டிமீட்டர் குதிரையின் மேல் சீராகப் படிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 65 கிராம் பாரம் விழுகிறது. இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இதை மருத்துவர்களின் கணக்கில் சொன்னால் பாதரசக் கம்பத்தில் ஏறத்தாழ 48 மில்லிமீட்டர். 1930-ல் அமெரிக்க மருத்துவரான யூஜின் லாண்டிஸ் மனிதனின் நகக்கண்ணில் உள்ள மயிரிழைக் குழாய்களில் இரத்தத்தின் அழுத்தத்தை நேரடியாக அளந்தபோது, இரத்தம் உள்ளே வரும் முனையில் அது சுமார் 32 மில்லிமீட்டர் என்று கண்டார். மனிதனுடைய அளவைக் குதிரைக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆயினும் திசை எது என்பது விளங்குகிறது. சர்வ லக்ஷணமும் பொருந்திய சேணத்தின் கீழேகூட, குதிரை அசையாமல் நிற்கும்போது, தோலின் நுண்குழாய்களில் இரத்தம் தடைபடக்கூடிய அளவுக்கு அழுத்தம் இருக்கிறது.

அப்படியானால் ஏறப்படும் ஒவ்வொரு குதிரையும் ஏன் புண்பட்டுவிடவில்லை? அசைவுதான் அதைக் காப்பாற்றுகிறது. 1959-ல் மைக்கேல் கோசியாக் என்பவர், நாய்களின் மேல் அழுத்தம் கொடுத்துச் செய்த பரிசோதனைகளால், நீண்ட காலம் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு வரும் படுக்கைப் புண்ணின் இயல்பை ஆராய்ந்தார். மிகுந்த அழுத்தம் சிறிது நேரம் இருந்தாலும், குறைந்த அழுத்தம் நெடுநேரம் நீடித்தாலும் சதை ஒரே விதமாக அழிகிறது என்பது அவருடைய முடிவு. குதிரை நடக்கும்போது சேணத்தின் கீழுள்ள அழுத்தம் ஒவ்வோர் அடியிலும் ஏறி இறங்குகிறது. இறங்கும் கணத்தில் இரத்தம் பாய்ந்து சதையைக் கழுவிச் செல்கிறது. ஏறும் கணமும் லேசானதல்ல. வியன்னாவின் மிருக வைத்தியப் பல்கலைக்கழகத்தார் 2004-ல் வெளியிட்ட அளவீடுகளின்படி, சேணத்தின் கீழ் விழும் உச்ச விசை, நடையில் சவாரி செய்கிறவனுடைய எடைக்குச் சற்று அதிகமாகவும், துள்ளோட்டத்தில் சுமார் இரண்டரை மடங்காகவும், பாய்ச்சலில் இன்னும் சற்று மிகுதியாகவும் இருந்தது. பழைய குதிரைப்படைகளில் நெடும்பயணத்தின்போது மணிக்கு மணி வீரர்களை இறக்கி, குதிரைகளைக் கையில் பிடித்து நடத்திச் செல்லச் செய்த வழக்கமும், ஏறியபடியே வீணாக நிற்கக் கூடாது என்ற கண்டிப்பும் லாண்டிஸும் கோசியாக்கும் பிறப்பதற்கு முன்பே, அனுபவத்தால் மட்டும் நிலைபெற்றவை.

மேற்சொன்ன கணக்கில் 'சீராகப் படிகிறது' என்ற ஒரு வார்த்தை இருக்கிறதே, பல குதிரைகள் என்ற பிரச்சினை முழுவதும் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. சேணத்தின் அடிப்பாகம் விறைப்பானது, முதுகு வளைந்தது. முதுகைவிடச் சேணத்தின் வளைவு மிகுந்திருந்தால், நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு முன்னும் பின்னும் ஆடும். முதுகின் வளைவு மிகுந்து சேணம் நேராக இருந்தால், முன்முனையும் பின்முனையும் மட்டும் பதிந்து நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும். மேல்நாட்டுச் சேணத் தொழிலாளர் இதைப் 'பாலம்' என்று குறிப்பிடுவார்கள். தொடும் பரப்பு நாலில் ஒன்றாய், 300 சதுர சென்டிமீட்டராய்ச் சுருங்கினால், அதே மனிதனின் அதே எடை, சதுர சென்டிமீட்டருக்கு 260 கிராமாகிவிடுகிறது. ஒரு குதிரைக்கு உயிர்த்தோழனாக இருந்த சேணம், பக்கத்துக் கொட்டடியில் உள்ள குதிரைக்கு இவ்விதமாகவே எமனாகிறது. அதன் தோலிலோ தையலிலோ ஒரு குறையும் இல்லை.

இந்தச் சங்கடத்தைத் தொடக்க கால மனிதர்கள் உணரவில்லை. ஏனென்றால் அவர்களுடைய சேணத்தில் விறைப்பான பாகமே இல்லை. சீனாவின் துர்பான் பள்ளத்தாக்கில் யாங்ஹாய் என்னுமிடத்துச் சமாதி ஒன்றில், ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டோடு கிடைத்த தோல் சேணம், கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்கும் 4ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. வைக்கோலும் மான் மயிரும் ஒட்டக மயிரும் திணித்துத் தைத்த இரண்டு மெத்தைகளே அது. மெத்தை எந்த முதுகுக்கும் இணங்கும். ஆனால் எடையைப் பரப்பும் சக்தி அதற்குக் குறைவு. ஏறியவன் எங்கே உட்கார்ந்தானோ அங்கேயே அவனுடைய பாரம் இறங்கும். முதுகெலும்பைத் தாண்டி இரு புறமும் பலகைகளை வைத்து, அவற்றை முன்னும் பின்னும் வளைவுகளால் இணைத்த மரச்சட்டச் சேணம் பின்னால் வந்தது. மங்கோலியாவின் குகைச் சமாதி ஒன்றில் கிடைத்து, அண்மையில் ஆராயப்பட்ட பிர்ச் மரச் சேணம் ஏறத்தாழ கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஜோடி அங்கவடிகளும் கிழக்காசியாவில் அந்தக் காலத்தை ஒட்டியே தோன்றுகின்றன. இது தற்செயலன்று. அங்கவடியில் காலூன்றி எழும் வீரனின் எடை முழுவதும் இரண்டு வார்களின் வழியே இறங்குகிறது. அதைத் தாங்கிப் பரப்ப மரச்சட்டம் வேண்டும். மரச்சட்டம் வந்ததும், 'இது யாருடைய முதுகுக்குச் செதுக்கப்பட்டது?' என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

அக்கேள்விக்கு ஹங்கேரியின் குதிரைப்படையினர் கண்ட விடை எனக்கு மிகவும் அழகாகப் படுகிறது. அவர்களுடைய சேணத்தில் இரண்டு மரப் பலகைகள் குதிரையின் முதுகெலும்புக்கு இருபுறமும் படிந்திருக்க, முன்வளைவுக்கும் பின்வளைவுக்கும் இடையே ஒரு தோல் பட்டை தொட்டிலைப் போல் கட்டப்பட்டிருக்கும். வீரன் அந்தத் தோலின் மேல் அமர்வான். மனிதனுக்குரிய மேற்பரப்பும் குதிரைக்குரிய கீழ்ப்பரப்பும் வெவ்வேறானவை, ஒன்றை மாற்றாமல் மற்றதை மாற்றலாம் என்ற தத்துவம் இதில் அடங்கியிருக்கிறது. மனிதனுடைய ஆசனம் குதிரைக்குக் குதிரை மாறுவதில்லை. மாறுவது கீழ்ப்புறம் மட்டுமே. பல குதிரைகளுக்கான சேணத்தைப் பற்றிப் பின்வந்தவர்கள் செய்த ஆலோசனைகளில் உருப்படியானவை எல்லாம் இந்தப் பிரிவினையிலிருந்து கிளைத்தவைதாம்.

அமெரிக்க இராணுவத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மக்லெல்லன் என்ற இளம் காப்டன், கிரைமியப் போரின்போது ஐரோப்பியப் படைகளின் முறைகளைப் பார்த்து வரும்படி 1855-ல் அனுப்பப்பட்ட மூவர் குழுவில் ஒருவர். திரும்பி வந்து அவர் ஒரு சேணத்தின் மாதிரியைச் சமர்ப்பித்தார். பிரஷ்யப் படையில் வழங்கிய ஹங்கேரியச் சேணத்தை ஆதாரமாகக் கொண்டது என்று அவரே சொன்னார். 1859-ல் அமெரிக்க அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. பச்சைத் தோல் போர்த்திய இரண்டு பலகைகள், இரண்டு வளைவுகள், நடுவே நீளவாக்கில் ஒரு திறப்பு. மெத்தை என்று ஒன்றும் கிடையாது. நடுத்திறப்பினால் முதுகெலும்பின் மேல் எதுவும் படவில்லை, காற்றும் புகுந்து போயிற்று. ஆசனத்தின் நீளத்தில் 11, 11½, 12 அங்குலம் என்று மூன்றே அளவுகள் செய்தார்கள், அவை மனிதனுக்காக. குதிரைக்கென்று வேறு அளவுகள் இல்லை. உள்நாட்டுப் போரில் தலைமைத் தளபதியாக உயர்ந்து, தயக்கம் மிகுந்தவர் என்ற பெயரோடு பதவியிழந்து, 1864-ல் லிங்கனை எதிர்த்து ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்ற அந்த மனிதரின் கீர்த்தி மங்கிவிட்டது. அவருடைய சேணமோ சிற்சில திருத்தங்களோடு இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை, எண்பது ஆண்டுகள், சேவையில் இருந்தது.

குதிரைக்கு அளவே இல்லாத சேணம் எண்பது ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தது என்றால், அதற்கு விடை சேணத்தில் இல்லை, அதன் கீழே மடித்துப் போட்ட கம்பளியில் இருக்கிறது. தலையில் நீர்க்குடமோ விறகுக்கட்டோ சுமக்கும் பெண்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பதும் இதே நியாயத்தைப் பற்றித்தான். குடம் மாறினாலும் தலை மாறினாலும், இரண்டுக்கும் நடுவே உள்ள துணி இணங்கிக்கொடுக்கிறது. கம்பளியைப் பல மடிப்புகளாக மடித்துப் போட்டால் சிறு குற்றங்குறைகள் மறையும். படையெடுப்பில் தீனி கிடைக்காமல் குதிரை இளைத்துவிட்டால் இன்னும் ஒரு மடிப்பு கூட்டலாம். ஒரு பக்கம் தேய்ந்து நனைந்துவிட்டால் திருப்பி மடிக்கலாம். ஆனால் இந்த உபாயம் ஒரு திசையில் மட்டுமே செல்லும். முதுகைவிட அகன்ற சேணத்தின் கீழே கம்பளி போட்டு இடைவெளியை நிரப்பலாம்; முதுகைவிடக் குறுகிய சேணத்தின் கீழே எதைப் போட்டாலும் நெருக்கம் அதிகப்படுமே தவிர குறையாது. பல குதிரைகளுக்கு ஒரு சேணம் தேடுகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுவே: தம்மிடம் உள்ள குதிரைகளில் அகன்ற முதுகை அளவாகக் கொள்ள வேண்டும், சராசரியை அல்ல. சராசரிக்கு வாங்கிய சேணம் பாதிக் குதிரைகளை நெரிக்கும். இதற்கும் ஒரு வரம்பு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிதமிஞ்சி அகன்ற சேணம் முன்புறம் அமிழ்ந்து தோள்முகட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும், அதற்கு முட்டுக்கொடுக்க அடுக்கிய கம்பளிகள் மடிந்து கட்டியாகிப் புது அழுத்தங்களை உண்டாக்கும்.

பிரிட்டிஷ் இராணுவம் வேறு வழியில் சென்றது. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வெவ்வேறு ஜாதிக் குதிரைகளோடு போராட வேண்டியிருந்த அவர்களுக்குச் சேணப்புண் ஒரு நிரந்தர விரோதியாக இருந்தது. அந்தப் படையின் மிருக வைத்தியரான பிரடெரிக் ஸ்மித், சேணங்களைப் பற்றியும் முதுகுப் புண்களைப் பற்றியும் மட்டுமே ஒரு தனிக் கைநூல் எழுத நேர்ந்தது என்பதிலிருந்து அந்த விரோதியின் பலத்தை ஊகித்துக்கொள்ளலாம். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில் பிரிட்டிஷ் தரப்பில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டன. பட்டினியும் அயர்ச்சியும் கப்பல் பயணமும் நோயும் பெரும் காரணங்கள், ஆனால் புண்பட்ட முதுகோடு அணிவகுப்பிலிருந்து விலக்கப்பட்டவையும் ஏராளம். அந்த யுத்தத்துக்குப் பிறகு, 1912-ல், அவர்கள் வகுத்த சேணத்தில் முன்பின் வளைவுகள் எஃகினால் ஆனவை; பக்கப் பலகைகள் அவற்றோடு கீல்போல் அசையும்படி இணைக்கப்பட்டிருந்தன. சரிந்த முதுகின் மேல் பலகைகள் சரிந்து படியும். அகன்ற முதுகின் மேல் விரிந்து படியும். பலகைகளின் அடியில் 'நம்தா' எனப்படும் கம்பளிப் பட்டை. அதன் கீழே மடித்த கம்பளி. முதல் உலகப் போரின் உச்சத்தில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் வைத்திருந்த ஒரு படைக்கு, அளவெடுத்துத் தைக்காமல் முதுகுக்கு முதுகு தானே இணங்கும் சட்டம் எவ்வளவு பெரிய அனுகூலம் என்பதை விளக்க வேண்டியதில்லை. யந்திர சாதுரியம் என்ற வகையில் மக்லெல்லனின் சேணத்தைவிட இது ஒரு படி மேல் என்பது என் அபிப்பிராயம். விலையிலும் எடையிலும் அமெரிக்கச் சேணமே மேல்.

ஒரே குதிரையை வைத்திருக்கும் செல்வந்தரிடம் இப்போது திரும்புவோம். அவருடைய குதிரைக்கு அச்செடுத்தாற்போல் சேணம் செய்து கொடுத்தாயிற்று. இனி அவருக்கு என்ன குறை? இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் லீன கிரேவ், சூ டைசன் என்ற மிருக வைத்தியர் இருவர் 104 விளையாட்டுக் குதிரைகளை ஓராண்டு முழுவதும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அளந்து, முதுகின் வடிவம் மாறிக்கொண்டே இருப்பதை 2015-ல் வெளியிட்டார்கள். பருவம் மாறினால் மாறுகிறது. உடல் எடை ஏறினால் மாறுகிறது. பயிற்சி முன்னேறி வேலையின் தரம் உயர்ந்தால் தசை வளர்ந்து மாறுகிறது. அவர்களே செய்த மற்றோர் ஆராய்ச்சியில், பொருத்தமான சேணத்தோடு அரைமணி நேரம் வேலை செய்த குதிரையின் முதுகு, வேலைக்கு முன் இருந்ததைவிடத் தற்காலிகமாக அகன்றிருந்தது. மாரிக்காலத்துப் புல்லை மேய்ந்த குதிரையும் கோடையில் வற்றிய குதிரையும், ஐந்து வயதுக் குதிரையும் பதினைந்து வயதில் முதுகு குழிந்த அதே குதிரையும், சேணத்தின் கண்ணுக்கு வெவ்வேறு குதிரைகளே. பல குதிரைகளுக்கு ஒரு சேணம் என்பது சிக்கனக்காரர்களின் ஆசை என்று கேலி செய்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. ஒரு கணத்தின் முதுகுக்கு அச்சொத்த சேணம் அடுத்த பருவத்துக்கு ஆகாது. ஆகவே இணங்கும் தன்மை என்பது எல்லாச் சேணத்துக்கும் வேண்டிய குணம்.

இன்றைய உற்பத்தியாளர்கள் இந்தக் குணத்தைப் பல வழிகளில் கொடுக்க முயல்கிறார்கள். இங்கிலாந்தில் சேணத் தொழிலுக்குப் பேர்போன வால்சால் நகரத்தின் பழைய முறை, அடிமெத்தையில் ஆட்டுரோமத்தைத் திணித்து, குதிரை மாறும்போது ரோமத்தைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்வது; கைதேர்ந்தவர் செய்தால் இதற்கு நிகர் இல்லை, ஆனால் காலையில் ஒரு குதிரைக்கும் மாலையில் மற்றொன்றுக்கும் ரோமத்தை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆஸ்திரேலியாவிலிருந்து பரவிய மற்றொரு முறையில், சேணத்தின் முன்வளைவுக்குள் இருக்கும் உலோகத் தகட்டைத் திருகாணிகளைக் கழற்றி வேறு அகலமுள்ள தகடாக மாற்றிவிடலாம். சில நிமிஷ வேலை. சவாரிப் பள்ளிகளுக்கு இது பெரிய உபகாரம். ஆனால் தகடு முன்புறத்தின் கோணத்தை மட்டுமே மாற்றுகிறது, முதுகின் நீளவாக்கு வளைவை அது தொடுவதே இல்லை. குழிந்த முதுகுக்கும் நேரான முதுகுக்கும் உள்ள பேதத்தைத் தகட்டினால் தீர்க்க நினைப்பவர் ஏமாந்துபோவார்.

மரச்சட்டமே இல்லாத சேணங்கள் இப்போது பிரபலமாயுள்ளன. எந்த முதுகுக்கும் வளைந்துகொடுக்கும் என்பது அவற்றின் விளம்பரம், அது பொய்யுமன்று. ஆனால் யாங்ஹாய் மெத்தைக்கு இருந்த அதே பலவீனம் இவற்றுக்கும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஹிலாரி கிளேட்டனும் சகாக்களும் அழுத்தமானிப் பாய்களை விரித்து அளந்து 2012-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், சட்டமுள்ள சேணம் பாரத்தை அதிகப் பரப்பில் விரித்தது. சட்டமில்லாதது ஏறியவனின் இருக்கைக்கு நேர் கீழே பாரத்தைக் குவித்தது. எடை குறைந்தவர் சிறிது நேரம் ஏறுவதற்கு இது போதும். கனத்தவர் நாள் முழுதும் ஏற இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அடியில் போடும் விரிப்புகளைப் பற்றியும் வியன்னாவில் ஒரு சோதனை நடந்தது. தோல், ஜெல், நுரைப்பொருள் என்று பலவற்றை ஒப்பிட்டதில் கலைமான் தோலின் ரோமம் அழுத்தத்தை நன்கு குறைத்தது. துர்பானில் மான் மயிர் திணித்தவர்களுக்கு இதைக் கேட்டால் ஆச்சரியம் ஏற்பட்டிராது.

ஏறுகிறவனுடைய சௌகரியத்தைப் பற்றி இதுவரை அதிகம் சொல்லவில்லை, வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். ஆசனத்தின் நீளம் தொடையின் நீளத்தைப் பொறுத்தது. ஆசனத்தின் இடை குறுகியிருக்க வேண்டுமா அகன்றிருக்க வேண்டுமா என்பது இடுப்பெலும்பின் அமைப்பைப் பொறுத்தது. இவை கடையில் அமர்ந்து பார்த்தே நிர்ணயிக்கக்கூடியவை. கடையில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஆசனத்தின் மிகத் தாழ்ந்த இடம் நடுவில் இருந்தால்தான் மனிதன் நிமிர்ந்து உட்காருவான். அந்தச் சேணத்தையே அதற்கு மிகக் குறுகிய ஒரு முதுகின் மேல் வைத்தால் முன்புறம் அமிழ்கிறது, அவன் கவட்டின் மேல் சாய்கிறான். மிக அகன்ற முதுகின் மேல் வைத்தால் முன்புறம் எழுகிறது, அவன் பின்னே சரிந்து கால்களை நாற்காலியில் அமர்ந்தவன்போல் முன்னே நீட்டுகிறான். நேற்று வரை சுகமாக இருந்த சேணம் இன்று இந்தக் குதிரையின் மேல் இடுப்பை வலிக்கச் செய்கிறது என்று சொல்லுகிறவர்கள் ஆசனத்தைக் குறைகூறுவது வழக்கம். பெரும்பாலும் குற்றம் அடிப்புறத்தில் இருக்கும். மனிதனுடைய சௌகரியம் குதிரையின் பொருத்தத்துக்குக் கட்டுப்பட்டது என்பதால், குதிரையைப் பார்த்து முதலிலும், தன்னைப் பார்த்துப் பிறகும் சேணம் தேடுவதுதான் முறை.

பல குதிரைகளை வைத்திருப்பவர் செய்ய வேண்டியதும் கடினமன்று. சித்திரம் வரைவோர் பயன்படுத்தும் வளைகோலை, அதாவது வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் ஈயக் கோலை, தோள்பட்டைக்கு மூன்று விரல் பின்னாலும், கடைசி விலாவுக்கு நேராகவும் குறுக்கே அழுத்தி, அந்த வளைவைத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். முதுகின் நீளவாக்கிலும் ஒரு கோடு எடுக்க வேண்டும். எல்லாக் குதிரைகளின் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தால், அவை தாமாகவே இரண்டு மூன்று கூட்டங்களாகப் பிரிவதைக் காணலாம். முதலில் நீளவாக்குக் கோடுகளைப் பார்த்துப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சேணம், அந்தக் கூட்டத்தில் அகன்ற குதிரைக்கு ஏற்றதாக, முன்வளைவு மாற்றக்கூடியதாக வாங்கிவிட்டால், மற்றதைக் கம்பளி பார்த்துக்கொள்ளும். பத்துக் குதிரைகளுக்குப் பத்துச் சேணம் ஆடம்பரம். ஒரே சேணம் கொடுமை. மூன்று இருந்தால் போதும். கான்பூரின் சேணத் தொழிலாளர்கள் இன்றும் உலகத்துக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். நல்ல மூன்று சேணங்கள் இந்நாட்டில் கிடைக்காத சரக்கல்ல.

சொந்தக் குதிரை இல்லாமல், சவாரிப் பள்ளியிலோ மெரினா மணலிலோ கொடைக்கானல் ஏரிக்கரையிலோ வாடகைக் குதிரையின் மேல் ஏறுகிற வாசகருக்கும் ஒரு வேலை உண்டு. ஏறும் முன் சேணத்தின் முன்வளைவுக்குக் கீழே உள்ளங்கையை நுழைத்து, தோள்முகட்டுக்கு மேலே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கிறதா, பக்கங்களில் கை நெரியாமல் போய்வருகிறதா என்று பாருங்கள். பிறகு தோள்முகட்டின் இருபுறமும் ரோமத்தைக் கவனியுங்கள். வெள்ளையல்லாத குதிரையின் மேல் அந்த இடத்தில் மட்டும் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால், ஏதோ ஒரு சேணம் அங்கே அழுத்தி, ரோமத்துக்கு நிறம் தரும் உயிரணுக்களை அழித்திருக்கிறது என்பது திண்ணம். அந்தத் திட்டின் மேல் விரலை வைத்ததும் குதிரை தோலைச் சிலிர்த்து முதுகைத் தாழ்த்தினால், வலி பழையதன்று, இன்றும் இருக்கிறது. அந்தக் குதிரையின் மேல் ஏறாதீர்கள். ஏன் ஏறவில்லை என்பதை அதை வைத்திருப்பவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.